நெட்டுக்கு அவன், கிடைக்கு நான்

பள்ளத்தூரில் ஒரு வளவை விடுதியாக்கும் வேலை.
டியூப்பின் ஒரு முனை என் பெருவிரலுக்கடியில்,
மறுமுனை சாத்தையா மேஸ்திரியிடம்,
நடுவில் நாற்பதடிக் கூடமும் இரண்டு சுவரும்.
"நிக்குதா?" என்று குரல் மட்டும் வரும்.
தண்ணீர் இரண்டு தரம் தலையாட்டி
நின்ற இடத்தில் பென்சில் கோடு.
அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது,
தண்ணீருக்கு இருவரையும் தெரியும்.

இஞ்சினியர் பெண் கொடுத்த தாளில்
கிடைமட்டம் என்று போட்டிருந்தது.
சாத்தையா வாய்விட்டுப் படித்தார்.
"கிடை, சரி. மட்டம், சரி.
எதுக்கு ஒரே காரியத்துக்கு ரெண்டு ஆளு?"

கலவையைப் புரட்டிக்கொண்டே
அதையும் புரட்டினேன்.

ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றால் மட்டம்,
நல்ல வேலை.
ரேஷனில் புழு நெளிந்தால் மட்டம்,
கெட்ட அரிசி.
பள்ளிக்கூடத்துக்குப் பையன்கள் போடுவது,
சித்தாள் ஒருத்தி கணக்குக் கேட்டால்
நாலு பேர் கூடித் தட்டுவது.

கிடை அப்படி இல்லை, அது படுத்தே இருக்கும்.
அறுத்த வயலில் கீதாரி மடக்கிய ஆடுகள்
ராத்திரி கிடந்து புழுக்கை போட்டு
விடிந்ததும் எழுந்து போய்விடும்.
எழுந்து போவதும் சேர்த்துத்தான் அந்தக் கிடைக்குக் காசு.

கூலி கிடைக்கும் என்பதற்குள் அது இருக்கிறது.
"தம்பிக்கு நஷ்ட ஈடு?" என்று கேட்டேன் ஒருநாள்.
காண்ட்ராக்டர் ஒரே சொல் சொன்னார்,
கிடையாது.
அதற்குள்ளும் இருந்தது.

தூக்குக்குண்டு பிடித்தால்
சேவுகன் கை நடுங்காது.
"நெட்டுக்கு நீ, கிடைக்கு ஒங்கக்கா" என்று
சாத்தையாதான் பிரித்துவிட்டார் எங்களை.
கானாடுகாத்தானில் சாரம் முறிந்தது.
பதினோரு மாதமாக
என் வீட்டில் கிடை அவன்.
ஆறடிக்கு இரண்டு விரல் குறைந்த உயரம்.
பார்க்க வருகிறவர்கள் இப்போது
கட்டில் போதவில்லையே,
எவ்வளவு நீளம் என்கிறார்கள்.

நர்ஸம்மா நேற்று சத்தம் போட்டார்.
"இப்படிச் சமமாப் போட்டா
கஞ்சி பொரையேறும், நெஞ்சுல சளி கட்டும்.
தலைமாட்டை ஒசத்தும்மா."
பதினோரு மாதம் பாயைச் சுருக்கமில்லாமல் விரித்து
அதையே கவனிப்பு என்று நினைத்திருந்தேன்.

கூடம் முடிந்து முற்றத்துக்கு வந்தோம்.
பழக்கத்தில் குமிழை நடுவில் நிறுத்திவிட்டு
நிமிர்ந்தேன்.
"கெட்டுது போ" என்றார் சாத்தையா.
"முத்தத்துக்கு மட்டம் ஆகுமா?
ஒரு மழைக்குக் கொளமாயிரும்.
வாட்டம் குடு.
அடிக்கு ரெண்டு நூலு."

வாட்டம்.
இருபது வருசமாக இந்தச் சொல்லைத்
தண்ணீர் ஓடத்தான் கேட்டிருக்கிறேன்.
வருகிறவர்கள் எல்லாம்
என் முகத்தைப் பார்த்துச் சொல்வதும் இதைத்தான்.
எனக்கு எதுவும் ஓடவில்லை.

சாயங்காலம் நான்கு செங்கல்லைச் சட்டியில் எடுத்தேன்.
சாத்தையா திரும்பிநின்று
பீடி பற்றவைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

தலைமாட்டுக் காலுக்கு இரண்டிரண்டாய்க் கொடுத்தேன்.
கட்டில் முனகியது, அவனும்.
"எத்தனை நூலுக்கா?"
சட்டத்தில் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழ் கோடுகளைத் தாண்டி
அவன் தலைப் பக்கம் ஓடி
முட்டிக்கொண்டு நின்றது.

இத்தனை நாள் ஆஸ்பெஸ்டாஸையே பார்த்த கண்
வாசல் வழியே தெருவுக்குப் போனது.
ஒற்றைக் கண்ணை மூடினான்.
குண்டு தொங்கவிடும்போது மூடுவானே, அப்படி.

"எதுத்த வீட்டுச் செவரு
அரை இஞ்சு வெளிய தள்ளியிருக்கே.
எவன் கட்டுனது?"

கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னேன்,
"நீதான்டா."